காட் ஆஃப் வார் முதல் பாகம்: இப்போது ஆடுகிறவனுக்கு இதில் என்ன நல்லது, என்ன கெட்டது?

காட்பாடி_கட்டைவிரல்:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு பழைய பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3 வீடியோ கேம் மிஷின்) கைக்கு வந்தது. விற்றவர் கூடவே இரண்டு கண்ட்ரோலரும் காட் ஆஃப் வார் கலெக்‌ஷன் டிஸ்க்கும் கொடுத்துவிட்டார். முதல் இரண்டு பாகமும் அந்த ஒரே டிஸ்க்கில் இருக்கிறது. 2018-இல் வந்த காட் ஆஃப் வாரை, லீவுக்கு ஆம்பூர் போயிருந்தபோது மாமா பையன் வீட்டில் உட்கார்ந்து முழுக்க முடித்திருக்கிறேன். ஆட்டத்தின் நாயகன் கிராட்டோஸ். எனக்குத் தெரிந்த கிராட்டோஸ் தாடி வைத்துக்கொண்டு மகனை அதட்டுகிற ஆள். இந்தப் பழைய கிராட்டோஸ் வேறு பிறவியாக இருக்கிறார்.

கப்பலில் ஹைட்ரா என்ற பல தலைப் பாம்போடு நடக்கும் சண்டை முடிந்ததும் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். அவ்வளவு பிடித்தது. ஏதென்ஸ் நகரமும் நன்றாகத்தான் போனது. பாலைவனம் தாண்டி, நாலு நாளாகப் பண்டோராவின் கோவிலுக்குள் இருக்கிறேன். இங்கேதான் சலிப்புத் தட்டுகிறது. கேமராவைத் திருப்ப வழியில்லை. பழக்க தோஷத்தில் கண்ட்ரோலரின் வலது குச்சியைத் தள்ளினால் மனிதர் உருண்டு போய்க் குழியில் விழுகிறார். திரைக்கு வெளியே நிற்கிறவன் அம்பு விடுகிறான். உத்தரத்தின் மேல் நடக்கும் இடம் வந்தாலே கை வேர்க்கிறது. நான் ஆடத் தெரியாதவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ஒரே டிவி. நைனா நியூஸ் பார்த்து முடித்து, ஆயா சீரியல் பார்த்து முடித்து, ஒன்பதரைக்கு மேல்தான் என் முறை. பதினொன்றைத் தாண்டினால் திட்டு விழும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் மணியை ஒரே இடத்தில் செத்துச் செத்து எழுந்தே கழித்தால் எப்படி இருக்கும்? நேற்று ஆயா கட்டிலில் படுத்தபடியே, "ஏண்டா, அந்த மொட்டைக்கு வேற வழியே கிடையாதா?" என்று கேட்டாள்.

இது 2005-இல் வந்த ஆட்டம், அப்போது தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று தெரியும். விடாமல் முடிக்கலாமா, இல்லை நேராக இரண்டாம் பாகத்துக்குத் தாவிவிடலாமா? கதை கொஞ்சம் தெரிந்துவிட்டாலும் பரவாயில்லை.


ராணிப்பேட்டை_பி_ஷிஃப்ட்:

தம்பி, பதிலுக்கு முன்னால் ஒரு வேலை செய். கண்ட்ரோலரின் மேல் விளிம்பில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார். சிக்ஸாக்சிஸ் என்று மட்டும் இருந்தால் அது பிஎஸ்3 வந்த புதிதில் வந்த ரகம், அதிர்வே கிடையாது. டூயல்ஷாக் 3 என்று இருந்தால் அதிரும். உன்னிடம்தான் இரண்டு இருக்கிறதே, அதிர்கிறதை எடுத்துக்கொள். இந்த ஆட்டத்தின் பாதி ருசி அந்த அதிர்வில்தான்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறேன். தோலை விரித்து, அச்சை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் மிஷின் தலை இறங்கும். அச்சு தோலுக்குள் இறங்கும்போது உள்ளங்கையில் 'தம்' என்று ஒன்று வரும். சரியாக வெட்டியதா இல்லையா என்று கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். கிராட்டோஸின் சங்கிலிக் கத்தி எதிரியின் மேல் படும்போது வருவதும் அந்தத் 'தம்'தான். கத்தி பட்டதும் கண் இமைக்கிற நேரத்துக்குக் காட்சியை நிறுத்திவிட்டு அப்புறம் நகர்த்துகிறார்கள், நன்றாகக் கவனித்தால் தெரியும். அந்தச் சின்ன நிறுத்தம் இல்லாவிட்டால் காற்றில் துடைப்பம் வீசுகிற மாதிரி இருக்கும். இதற்கு அப்புறம் வந்த எத்தனையோ ஆட்டங்களில் துடைப்பம்தான் வீசியிருக்கிறேன்.

2008-இல் நான் பிளஸ் டூ. சத்துவாச்சாரியில் ஒரு கடை. ஐந்து டிவி, ஐந்து பிஎஸ்2, மணிக்கு 20 ரூபாய். எல்லா மிஷினுக்கும் சேர்த்து இரண்டே மெமரி கார்டு, ஒவ்வொன்றும் 8 எம்பி. யார் வந்தாலும் அதில்தான் சேவ் செய்ய வேண்டும். நான் கஷ்டப்பட்டுக் கோவில் வரை போய் சேவ் செய்துவிட்டு வருவேன். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் எவனோ கிரிக்கெட் டோர்னமென்ட்டுக்கு இடம் வேண்டும் என்று அழித்திருப்பான். மறுபடி கப்பல், மறுபடி ஹைட்ரா. 15 தடவைக்குக் குறையாமல் அதைக் கொன்றிருப்பேன். பதினைந்தாவது தடவையும் அலுக்கவில்லை. நடுத்தலையைப் பாய்மரத்தில் மோத மோத மரம் முறிந்து ஈட்டி முனை மாதிரி ஆகும், கடைசியில் அந்த முனையிலேயே தலை இறங்கும். அதோடு விட்டார்களா? செத்த வாய்க்குள்ளேயே நடந்து போக வைக்கிறார்கள். தொண்டையில் தொங்கிக்கொண்டிருக்கும் கப்பல் தலைவன், தன்னைக் காப்பாற்ற வந்ததாக நினைத்து நன்றி சொல்கிறான். இவன் அவனிடமிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஆளைக் கீழே விட்டுவிடுகிறான். யாரை வைத்து ஆடுகிறோம் என்று தெரிய அதற்கு மேல் என்ன வேண்டும்.

அப்புறம் உன் கேமரா. நீ அதைத் திட்டுகிறாய், நான் அதற்காகவே இந்த ஆட்டத்தை இன்றும் எடுத்துப் போடுகிறேன். கேமராவை உன் கையில் கொடுக்காததால்தான் வலது கட்டைவிரலுக்கு உருளுகிற வேலை கிடைத்தது. நாலு பக்கமும் ஆள் நிற்கும்போது கேமராவைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டாம். இடது விரலுக்கு நடை, வலது விரலுக்குத் தப்பிப்பு. 2018 ஆட்டத்தில் பழகிய கைக்கு இது மாற ஒரு வாரம் பிடிக்கும், நீ இப்போது அந்த வாரத்தில் இருக்கிறாய்.

எதைக் காட்டுவது என்பதும் அவர்கள் கையில்தான். ஏதென்ஸ் தெருவில் நீ நாலு எலும்பனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு போர்க்கடவுள் ஏரிஸ் நின்று ஊர் மேல் நெருப்பை வீசினானே, பார்த்தாயா? பாலைவனத்தில் மணல் காற்றுக்குள்ளிருந்து குரோனோஸ் என்ற ராட்சதன் கையை ஊன்றி ஊன்றித் தவழ்ந்து வந்ததும், முதுகில் சங்கிலி போட்டுக் கட்டிய கோவிலும்? கேமரா உன் கையில் இருந்திருந்தால் அந்த நேரம் பார்த்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருப்பாய். நம் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவிலில், மதிலுக்கு வெளியே நின்றால் கல்யாண மண்டபத்துத் தூண் ஒன்றுகூடக் கண்ணில் படாது. கோபுர வாசலைத் தாண்டினால்தான் அந்தக் குதிரையும் யாளியும். எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று கட்டியவன் முடிவு செய்திருக்கிறான். இந்த ஆட்டத்தின் இயக்குநர் டேவிட் ஜாஃபியும் அவர் ஆட்களும் செய்தது அந்த வேலைதான். நீ மாட்டிக்கொண்டிருக்கிற பண்டோராவின் கோவிலையும் பொறுமையாகப் பார். சுற்றிச் சுற்றி அந்த வட்ட மண்டபத்துக்கே திரும்ப வருவாய், ஒவ்வொரு தடவையும் வேறொரு கதவு திறந்திருக்கும். முழுக் கோவிலும் ஒரே பூட்டு என்று கடைசியில்தான் தெரியும்.

சரி, குறைக்கு வருகிறேன். தோலில் முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். இரண்டும் ஒரே மாட்டுத் தோல்தான். சண்டையில் முதுகாக இருக்கும் அந்தக் கேமரா, உத்தரத்தின் மேல் நடக்கச் சொல்லும்போது வயிறாகிவிடுகிறது. எது முன்னால், எது பின்னால் என்று ஆழம் தெரியாது. திருப்பிப் பார்க்கவும் முடியாது. தாவு என்றால் எங்கே தாவ?

நீ இன்னும் பாதாளத்தைப் பார்க்கவில்லை. கத்தி செருகிய தூண்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், அதில் ஏற வேண்டும். கத்தி பட்டால் கீழே. கத்தி செருகிய உத்தரங்களும் உண்டு, அதில் நடக்க வேண்டும். 2012-இல் ஒரு பழைய பிஎஸ்2-வைச் சொந்தமாக வாங்கி வீட்டில் வைத்து ஆடினேன். அந்த வருடம் தமிழ்நாட்டில் கரண்ட் இருந்த லட்சணம் உனக்கு நினைவிருக்காது, சின்னப் பையனாக இருந்திருப்பாய். எந்த நேரத்துக்குப் போகும் என்று காலண்டரில் குறித்து வைத்திருந்தோம், அந்த நேரத்துக்கும் போகாது. இந்த ஆட்டத்திலோ வெளிச்சத் தூண் நிற்கும் இடத்தில் மட்டும்தான் சேவ். மூன்று ராத்திரி விழுந்து எழுந்து, ஒரு வழியாக மேலே ஏறி, சேவ் செய்கிற இடத்துக்குப் போவதற்குள் டிவி அணைந்தது, ஃபேன் நின்றது. புழுக்கம் தாங்காமல் மாடியில் படுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் என் சத்தத்தைக் கேட்டு யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று டார்ச்சோடு வந்துவிட்டார்.

பல தடவை செத்தால், சுலபமாக்கித் தரட்டுமா என்று ஆட்டமே கேட்கும். அதைப் படிக்கும்போதே மானம் போகும். ஒத்துக்கொண்டாலும் எதிரிகள்தான் இளகுவார்கள், சுற்றுகிற கத்தி இளகாது.

இன்னொரு குறை, பெரிய எதிரிகள் மூன்றே பேர். ஹைட்ரா, கோவிலில் ஒரு கவசம் போட்ட எருமைத்தலையன், கடைசியில் ஏரிஸ். ஹைட்ராவை முதலிலேயே வைத்துவிட்டு, அந்த அளவுக்கு ஒன்று எப்போது வரும் என்று வெகுநேரம் காக்க வைக்கிறார்கள். ஒவ்வொரு கதவையும் தூக்க ஆர்2 பொத்தானைக் குத்து குத்து என்று குத்துவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கதவு என்றால் திறக்க வேண்டியதுதானே.

இரண்டாம் பாகம் 2007-இல் வந்தது. பெரிய எதிரிகளும் அதில் அதிகம், ஆட்டமும் பெரிது. ஆனால் அதன் கதை முதல் பாகத்தின் முடிவுக்கு மேலே கட்டியது. தாவாதே. முடித்துவிட்டுப் போ.


கொசப்பேட்டை_டெவில்:

அண்ணன் எழுதியதில் பாதிக்கு மேல் பாசம். சத்துவாச்சாரிக் கடையில் ஆடிய ஆட்டம் யாருக்குத்தான் கசக்கும்.

நான் நேராகச் சொல்கிறேன். சதுரம், சதுரம், முக்கோணம். முழு ஆட்டத்தையும் சாதாரண நிலையில் இந்த மூன்று தட்டில் முடித்தேன். ஆர்ட்டெமிஸின் வாள் என்று இன்னொரு ஆயுதம் கொடுக்கிறார்கள். அதை எடுக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவேயில்லை. ஆயுதத்தைப் பலப்படுத்தக் கிடைக்கும் சிவப்பு உருண்டை எல்லாவற்றையும் சங்கிலிக் கத்திக்கே கொட்டினேன், கேள்வி கேட்க ஆளில்லை. அதே 2005-இல் வந்த டெவில் மே க்ரை 3-ஐ எடுத்துப் பாருங்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் உங்கள் தரம் ஏறாது. மாற்றி மாற்றி அடித்தால்தான் மேலே போகும். அங்கே ஆட்டம் உங்களுக்குக் கற்றுக் கொடுக்கிறது, இங்கே தட்டிக்கொடுக்கிறது. ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் அதில் புதிதாக ஒன்று கைக்கு வரும். காட் ஆஃப் வாரில் முதல் ராத்திரி தெரிந்ததுதான் கடைசி ராத்திரியும்.

கேமரா, கேமரா என்று அண்ணன் உருகுகிறார். நியாயம்தான், அழகாகத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்த அழகான நேரத்தில் உங்கள் கண் எங்கே இருந்தது? சைக்ளோப்ஸின் மேல் ஏறி ஒற்றைக் கண்ணில் குத்துகிற இடத்தில் நான் பார்த்ததெல்லாம் திரையில் மின்னிய பொத்தான் படத்தைத்தான். வட்டமா, முக்கோணமா, தவறவிட்டால் தூக்கி எறிவானே என்ற பயம். ஹைட்ராவின் சாவைக்கூட நான் யூடியூபில்தான் ஒழுங்காகப் பார்த்தேன். பார்க்க வைப்பதற்காகக் கேமராவைப் பூட்டிவிட்டு, அதே நேரம் பார்க்க விடாமல் பொத்தான் படத்தைக் காட்டினால் என்ன அர்த்தம்?

தம்பிக்கு என் யோசனை: கோவிலை முடி, அது நன்றாகத்தான் இருக்கிறது. பாதாளத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் செலவழிக்காதே. மிச்சத்தை வீடியோவில் பார்த்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போ.


ராணிப்பேட்டை_பி_ஷிஃப்ட்:

கொசப்பேட்டைத் தம்பி, பொத்தான் படத்தைப் பற்றிச் சொன்னது சரியான அடி. மறுக்க மாட்டேன். கடையில் பின்னால் ஒரு பெஞ்சு கிடக்கும். காசு தீர்ந்துபோனவர்கள் அதில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். மெடூசாவின் தலையைத் திருகி எடுக்கிற காட்சியை நான் முழுசாகப் பார்த்தது அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான். நான் ஆடிய நாளெல்லாம் குச்சியைச் சுற்றுவதிலேயே கவனம். 2010-இல் மூன்றாம் பாகம் வந்தபோது அவர்களுக்கும் உறைத்திருக்கும் போல. பொத்தான் படங்களைத் திரையின் ஓரங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். முக்கோணம் மேலே, வட்டம் வலப்பக்கம் என்று கண்ட்ரோலரில் இருக்கிறபடியே. ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டு நடுவில் நடப்பதைப் பார்க்கலாம்.

சதுரம், சதுரம், முக்கோணத்தைப் பற்றி ஒன்று. சாதாரண நிலையில் அது எடுபடும். கடைசி இரண்டு கடின நிலைகளில் போய் அதை மட்டும் தட்டிப் பாருங்கள், சாட்டிர்கள் என்ற ஆட்டுக்கால் எதிரிகள் இரண்டு பேர் சேர்ந்து வந்தால் பாதி தட்டுவதற்குள் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எல்1-ஐச் சரியான நேரத்தில் தட்டி அடியைத் திருப்பிவிடக் கற்றுக்கொண்டது நான் அங்கேதான். எதிரியை எப்படி முடிக்கிறோம் என்பதிலும் கணக்கு இருக்கிறது. சிலரை வட்டப் பொத்தான் போட்டு முடித்தால் உயிருக்குப் பச்சை உருண்டை, சிலரிடம் மாய சக்திக்கு நீல உருண்டை. சாகிற நிலையில் இருக்கும்போது யாரை முதலில் பிடிப்பது என்று யோசிக்க வைக்கும். டெவில் மே க்ரை அளவுக்கு ஆழம் இல்லை என்றால் இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். வெறும் மூன்று தட்டு ஆட்டமும் இல்லை.

பாதாளத்தை வீடியோவில் பார் என்றதற்கு மட்டும் கோபம் வருகிறது. கரண்ட் போன ராத்திரிக்கு அப்புறம் மறுநாள் நான் மறுபடி ஏறினேன் தெரியுமா.


குடியாத்தம்_தறி:

காட்பாடித் தம்பிக்கு முதலில் ஒரு எச்சரிக்கை, ராணிப்பேட்டை அண்ணன் சொல்லாமல் விட்டது. ஆயா கட்டிலில் படுத்துப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கப்பலில் ஹைட்ரா செத்த பிறகு ஒரு அறை வருமே, அதை எப்படிச் சமாளித்தாய்? எங்கள் வீட்டில் நானும் தம்பியும் ஆடும்போது அந்த இடத்துக்குச் சரியாக அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றாள். தம்பி பிளக்கையே பிடுங்கிவிட்டான். சேவ் போனது பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. இது பெரியவர்களுக்கான ஆட்டம் என்று உறையிலேயே போட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யோசித்துப் போடுங்கள்.

நீங்கள் எல்லாரும் கையைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் பேசுகிறீர்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் உறுத்துவது வேறு. கோவிலில் ஒரு கூண்டு வரும். உள்ளே ஒரு போர்வீரன், உயிரோடு. அந்தக் கூண்டைச் சரிவின் மேலே தள்ளிக்கொண்டு போய் நெருப்பு வரும் இடத்தில் நிறுத்தி நெம்புகோலை இழுத்தால்தான் வழி திறக்கும். தள்ளுகிற நேரமெல்லாம் அவன் கெஞ்சிக்கொண்டே வருவான். நடுவில் எதிரிகள் வந்து மறிப்பார்கள், அவர்களோடு சண்டை போட்டுவிட்டு மறுபடி வந்து கூண்டைப் பிடிக்க வேண்டும். என் தம்பி அரை மணி நேரம் வேறு வழி தேடினான். சுவரெல்லாம் தட்டினான், வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்த்தான். வேறு வழி கிடையாது. கடைசியில் கண்ட்ரோலரை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டான். நெம்புகோலை நான்தான் இழுத்தேன். இத்தனை வருடம் ஆகியும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

இதைப் பலம் என்று சொல்கிறவர்கள் உண்டு, இவன் எவ்வளவு கொடியவன் என்று நம் கையாலேயே காட்டுகிறார்களாம். இருக்கலாம். ஆனால் அடுத்த அறையிலேயே இன்னும் நாலு பேரைக் கிழித்துச் சிவப்பு உருண்டை பொறுக்கச் சொல்கிறார்கள், அதுவும் குஷியாகத்தான் இருக்கிறது. வருத்தப்படு என்கிறாயா, கொண்டாடு என்கிறாயா? ஆட்டத்துக்கே தெரியவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. பெண்களைக் காட்டியிருக்கும் விதம் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை போதாது. கதை சொல்லும் அந்தப் பெண்ணின் குரல் ஒன்றுதான் ஆறுதல். லிண்டா ஹண்ட் பேசியிருக்கிறார்.

இனி எழுதுவது கடைசிச் சண்டையைப் பற்றி. தெரிய வேண்டாம் என்றால் தம்பி இந்தப் பத்தியைத் தாண்டிவிடு. ஆட்டம் முழுக்க வட்டப் பொத்தான் எதற்கு? ஆளைப் பிடித்துக் கிழிப்பதற்கு. ஏரிஸோடு சண்டையின் நடுவில் ஒரு கட்டம் வருகிறது. கிராட்டோஸின் மனைவியையும் மகளையும் சுற்றி, அவனைப் போலவே இருக்கும் கூட்டம் கூட்டமான ஆட்கள் வெட்ட வருவார்கள். அவர்களைத் தடுக்க வேண்டும். மனைவியும் மகளும் தளர்ந்து போனால் பக்கத்தில் போய் அதே வட்டப் பொத்தானை அமுக்க வேண்டும். அவன் அவர்களைக் கட்டி அணைப்பான். அவன் உயிர் கொஞ்சம் குறைந்து அவர்களுக்குப் போகும். என் கட்டைவிரல் ஒரு நொடி அந்தப் பொத்தானுக்கு மேல் நின்றுவிட்டது. அமுக்கினால் என்ன ஆகுமோ என்று பயம். தறியில் நூல் அறுந்தால் கை தானாக நிற்குமே, அந்த மாதிரி. மேலே நான் சொன்ன குறை எதுவும் இதனால் மாறிவிடாது. ஆனால் அந்த ஒரு நொடிக்காக நான் அந்த டிஸ்க்கை யாருக்கும் கொடுக்கவில்லை.


காட்பாடி_கட்டைவிரல்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் செமஸ்டர்.

ராணிப்பேட்டை அண்ணா, நான் ஆடிக்கொண்டிருந்தது சிக்ஸாக்சிஸ்தான். இன்னொன்று டூயல்ஷாக் 3. கேபிள் ரிப்பேர் என்று மூலையில் போட்டு வைத்திருந்தேன். நைனாவின் பழைய கேமரா கேபிளைச் செருகினேன், சார்ஜ் ஏறிவிட்டது. முதல் அடியிலேயே நீங்கள் சொன்ன 'தம்' வந்தது. இதை யாரும் எனக்கு முன்னாடியே சொல்லவில்லையே.

அக்கா, கப்பல் அறை வந்தபோது ஆயா தூங்கிவிட்டிருந்தாள், தப்பித்தேன். கூண்டில் நானும் வேறு வழி தேடினேன். இருபது நிமிடம். அப்புறம் உங்கள் பதிலைத் திறந்து படித்துவிட்டு இழுத்தேன். கடைசிச் சண்டைப் பத்தியை இன்னும் படிக்கவில்லை.

கொசப்பேட்டை அண்ணா, பாதாளம் நாலு ராத்திரி ஆனது. நீங்கள் சொன்ன கணக்கில் ஒரு ராத்திரி அதிகம். முதல் மூன்று ராத்திரியும் ஒரு தூணைக்கூட முழுசாக ஏறவில்லை. நாலாவது ராத்திரி ஆயா தூக்கம் வராமல் விழித்திருந்தாள். கத்தி வருவதைப் பார்த்துப் பார்த்து, "இரு... இரு... இப்போ போ" என்றாள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் அவள் சொன்ன நேரத்துக்கு விரலை விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. நான் கிராட்டோஸின் காலைப் பார்க்கிறேன், அவள் தூணைப் பார்க்கிறாள். அந்த பெஞ்சு விஷயம்தான் போல. உத்தரம் வந்தபோது மட்டும், "அதெல்லாம் எனக்குத் தெரியாது, நீயே பாத்துக்கோ" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதில் பதினொரு தடவை விழுந்தேன். ஆழம் தெரியவே இல்லை அண்ணா, அது வயிறுதான், ஒத்துக்கொள்கிறேன்.

மேலே ஏறியதும் முதல் வேலையாக சேவ். இன்றைக்கு ஏரிஸ் முறை. ஆனால் ஆயாவின் சீரியலில் இது கல்யாண வாரமாம், பத்து மணி வரை டிவி கிடைக்காது.